முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

ரீபாவைப் பற்றி எழுதச் சொன்னது ரீபாதான். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காவ டீச்சர், நீங்களாவது எழுதுங்க" என்றாள். நான் பேட்டையில் இருக்கும் கணக்கு டீச்சர், மும்தாஜ் பேகம். கரும்பலகையில் எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. பொய்யைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படிப்பட்டவள் இந்த விஷயத்தில் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

ரீபாவின் அம்மா தேவமணி பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அப்பா பாக்கியசீலன் இன்னொரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் சபையின் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடுவார். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். வருஷா வருஷம் அவர்கள் கோயிலில் அசனப் பண்டிகை நடக்கும்போது சபையார் எல்லோருக்கும் சோறு போடுவார்கள். அந்தச் சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு, சூடு ஆறும் முன்னால் பேட்டை வரை ஸ்கூட்டரில் வந்து என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். அப்படி ஒரு மனிதர். அவர்களுக்கு ரீபா ஒரே பிள்ளை.

ரீபா என்னிடம் ஆறாம் வகுப்பில் கணக்கு படித்தாள். முதல் மார்க் வாங்குகிற பிள்ளை இல்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுத்தாள். கடைசி வருஷம் ஆற்றுத் தண்ணீரைக் குறுக்குத்துறையில் ஒரு பாட்டில், வண்ணார்பேட்டைப் பாலத்துக்கு அடியில் ஒரு பாட்டில், சாக்கடை வந்து கலக்கிற இடத்தில் ஒரு பாட்டில் என்று பிடித்துப்போய் அதில் என்னென்ன கிருமி வளர்கிறது என்று பார்த்தாள். என்னிடம் வந்து, "டீச்சர், காலத்துக்கும் இந்த ஆத்துல குளிக்கோம். ஆனா தண்ணிய ஒருத்தரும் பாக்க மாட்டேங்கோம்" என்றாள். தண்ணீரைப் பற்றியே மேலே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை வெளிநாட்டில்தான் படிக்க வேண்டும் என்பது அவள் அப்பாவின் ஆசை.

அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. அவர் சபையில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வெளிநாட்டில் இருக்கும் சபைப் பிள்ளைகளுக்காக ஒரு ஜெபம் உண்டு. பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அதில் தன் மகள் பெயரும் வர வேண்டும் என்று மனிதர் ஏங்கிப்போனார்.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கிற அலுவலகம் இருந்தது. கணக்கு டீச்சர் கூட இருந்தால் ஏமாற்ற மாட்டார்கள் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். சுவரெல்லாம் பனியும் கோபுரமுமாகப் படங்கள். டை கட்டிய ஒரு தம்பி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நாடு நாடாக எடுத்துவிட்டான். ரீபாவுக்கு ஜெர்மனி மேல் கண். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, தண்ணீர் பற்றிய படிப்பும் அங்கே நன்றாக இருக்கிறது என்று அவளே தேடி வைத்திருந்தாள்.

"நல்ல நாடுதான். ஆனா அங்க பிழைக்கணும்னா அவங்க பாஷை வேணும். அதுக்கே ஒரு வருஷம் போயிரும். இங்கிலாந்துன்னா ஒரே வருஷப் படிப்பு. அயர்லாந்தும் அப்படித்தான், முடிச்சபிறகு இருந்து வேலை தேடவும் விடுவாங்க" என்றான் அந்தத் தம்பி.

"ஒரு வருஷம் போனா போகட்டும்பா. நான் பாஷை படிச்சுட்டே போறேன்" என்றாள் ரீபா.

"இங்கன அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டியிலயே மேல்படிப்பு இருக்குல்லா அண்ணாச்சி. அதை முடிச்சுட்டு ஆராய்ச்சிக்கு வெளிய போகட்டுமே" என்றேன் நான்.

அண்ணாச்சி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "ரெண்டும் நல்ல யோசனைதான். ஆனா நான் கர்த்தர்கிட்ட இந்த வருஷம்னு கேட்டுட்டேன்" என்றார். அயர்லாந்து என்று முடிவானது. ரீபா ஆங்கிலத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தாள். டப்ளினில் ஒரு கல்லூரி இடமும் கொடுத்தது. விசா ஒன்றுதான் பாக்கி.

அவர்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்லது நடந்தால் காணிக்கை உறையில் காரணத்தை எழுதிப் போடுவார்கள், குருவானவர் அதைச் சபை முன்னால் வாசிப்பார். அதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை என்று பெயர். சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கேட்டது கிடைப்பதற்கு முன்னாலேயே, கிடைத்துவிட்டது என்று நம்பி ஸ்தோத்திரம் சொல்லிவிடுவார்கள். அதுதான் உண்மையான விசுவாசம் என்பது அவர்கள் எண்ணம். அந்த வருஷ அசனப் பண்டிகைக்கு நானும் போய்ப் பந்தலில் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். "மகள் ரீபாவுக்கு அயர்லாந்து தேசத்தில் மேற்படிப்பை வாய்க்கப்பண்ணினதற்காக பாக்கியசீலன் தேவமணி குடும்பத்தார் செலுத்தும் ஸ்தோத்திரம்" என்று குருவானவர் வாசித்தார். சபை மொத்தமும் ஆமென் சொன்னது. விசா இன்னும் வரவில்லையே என்று நான் திரும்பிப் பார்த்தேன். ரீபா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

புறப்படும் நாள் நெருங்கியது. அவளைப் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தி வழியனுப்பு ஜெபமும் பண்ணிவிட்டார்கள். அடுத்த வாரம் விசா இல்லை என்று பதில் வந்தது. வங்கிக் கணக்கில் கடைசி நேரத்தில் சொந்தக்காரர்கள் போட்ட பணத்துக்குக் காட்டிய விளக்கம் போதவில்லையாம். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிப் போட வைத்தவன் அந்த டை கட்டிய தம்பி. போனில் கேட்டதற்கு, அடுத்த ஜனவரிக்குப் பார்ப்போம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இதெல்லாம் ஊரில் தினமும் நடக்கிறதுதான். விசா கிடைக்கவில்லை என்று நாலு பேரிடம் சொன்னால் நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். அண்ணாச்சியால் அதைச் சொல்ல முடியவில்லை. தன் மானம் போவதைக்கூட அவர் தாங்கியிருப்பார். ஆனால் கிடைத்துவிட்டது என்று கர்த்தருக்குச் சபை நடுவில் நன்றி சொன்ன பிறகு, கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்றுதான் அவர் உடைந்துபோனார். "அவரு குடுக்கலைன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்" என்று அன்றைக்கு முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

குறித்த நாளில் விடியும் முன்னே ஒரு வாடகைக் கார் பிடித்தார். வேன் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் விமான நிலையம் வரை வழியனுப்ப வர இருந்த சொந்தக்காரர்களிடம், கூட்டமாக வந்தால் மகள் அழுதுவிடுவாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கார் திருவனந்தபுரம் போகவில்லை, மதுரைக்குப் போனது. அங்கிருந்து ரீபா ஓசூர் பஸ் ஏறினாள். அவளோடு படித்த ஒருத்தி அங்கே ஒரு பால் நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள், அவள் மூலமாக ரீபாவுக்கும் வேலை. ஜனவரி வரைக்கும்தானே என்று அப்பா சொன்னார். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

எனக்கு இதைச் சொன்னவள் தேவமணி. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீ எங்க சபை இல்லல்லா மும்தாஜ், அதான் ஒன்கிட்ட சொல்ல முடியுது" என்றாள். கேட்டதும் நான் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டேன். ஒரு பிள்ளையை உயிரோடு மறைத்து வைக்கிறீர்களே, உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டேன். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஜனவரி போய் அடுத்த ஜனவரியும் போனது. முறையாக மறுபடி விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சொந்தக்காரர்கள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், மறுபடி கேட்கப் போனால், பிள்ளைதான் போய்விட்டதே, இனி எதற்கு என்று கேட்பார்கள். ரீபா ஓசூரில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி ஊருக்கு வரவில்லை. சபைப் பெண்கள் தேவமணியின் போனில் அவளைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அப்போதெல்லாம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுவாள். அண்ணாச்சி காலையில் எழுந்ததும் போனில் டப்ளினில் வெயிலா மழையா என்று பார்த்து வைத்துக்கொள்வார். மகள் எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "அங்கன இன்னைக்கு மழையாம்" என்பார். ஒரு தடவை என்னிடமே அப்படிச் சொன்னார். நான் முறைத்ததும் மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஞாயிறுதோறும் ஆராதனையில் அந்தப் பெயர்களை வாசிக்கும்போது பத்து வயது கூடினவர்போல ஆகிவிடுகிறார் என்று தேவமணி சொல்வாள். அவர் ஏங்கிய பெயர் அதில் வந்துகொண்டுதான் இருந்தது.

போன ஆடியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு இருந்தது, பேசவும் செய்தார். ரீபா போனில், "நான் இப்பவே பஸ் ஏறுதேன்பா" என்றாள்.

"வேண்டாம்ளா. சபை ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காவ. ஒன்னப் பாத்தா என்ன சொல்லுவேன். எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போனதும் பைய வா" என்றார்.

அவளும் அதைக் கேட்டு ஓசூரிலேயே இருந்துவிட்டாள். மறுநாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தோளில் ஒரு பையோடு ரீபா நின்றாள். அவள் ஓசூரில் பஸ் ஏறிய பிறகு தேவமணி போன் பண்ணி, நேரே வீட்டுக்கு வராதே, பேட்டையில் மும்தாஜ் டீச்சர் வீட்டில் இரு என்று சொல்லியிருக்கிறாள். அயர்லாந்திலிருந்து வருகிறவள் ஒரே ராத்திரியில் எப்படி வந்து நிற்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விமானத்தில் வருகிறாள் என்று அங்கே சொல்லியாகிவிட்டது.

எங்களில் மவுத்து ஆனால் முடிந்தவரை அன்றைக்கே அடக்கிவிடுவோம். அப்பா மையித்தாகக் கிடக்கிறார், மகள் ஐந்து மைல் தள்ளி என் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. "எந்திரிட்டி, நான் கூட்டிட்டுப் போறேன். யார் என்ன கேக்காவன்னு பாத்துருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் எழவில்லை. "எனக்கும் இப்பவே போயி அப்பா மேல விழணும்போலதான் இருக்கு டீச்சர். ஆனா அம்மா என்ன கேட்டா தெரியுமா? குழியில வைக்கிற அன்னைக்கு ஒங்கப்பாவப் பொய்யன்னு நாலு பேரு பேசவச்சிராதன்னு கேட்டா. அதுக்கு நான் என்ன சொல்ல" என்றாள்.

நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முற்றத்துப் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் அண்ணாச்சி கிடந்தார். பாடகர் குழுவின் மூத்தவர் நேசையா எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்தப் பிள்ளல்லா. எம்புட்டு நேரமானாலும் அது வந்து மொகத்தப் பாத்த பொறவுதான் அடக்கம்" என்றார் என்னிடம். வந்திருந்த ஒவ்வொருவரும், கடல் தாண்டி வருகிற பிள்ளை பத்திரமாக வந்து சேர வேண்டுமே என்று உண்மையாகவே கவலைப்பட்டார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தேவமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டாளா" என்று வாய்க்குள்ளேயே கேட்டாள்.

திரும்பி வந்ததும் ரீபா கேட்டது, "அப்பாவுக்குக் கண்ணாடி போட்டிருக்காவளா?"

இல்லை என்றேன்.

"கண்ணாடி இல்லாம அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதே டீச்சர்" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று என் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு வாய்விட்டு அழக்கூட வழியில்லாமல் போயிற்றே என்று நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிறு காலை அவர்கள் கோயில் ஆராதனை போனில் நேரடியாக வந்தது. ரீபா போட்டுப் பார்த்தாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கான ஜெபம் வந்தபோது குருவானவர், "தகப்பனை இழந்து, இந்நேரம் நடுவானில் தனியாகப் பயணம் செய்துகொண்டிருக்கிற மகள் ரீபாவை உம்முடைய செட்டைகளின் கீழே பத்திரமாகக் கொண்டுவந்து சேரும்" என்றார். நான் ஊற்றிக் கொடுத்த டீ அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. அவள் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

என் தம்பி ஹசன் அலியிடம் கார் இருக்கிறது. நாங்குநேரி வரை போய்த் திரும்பி, விமான நிலையத்திலிருந்து வருகிற மாதிரி அந்தச் சாலையில் வர வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். "என்ன லாத்தா இது கூத்து" என்றான். "கூத்துதான். வாய மூடிட்டு ஓட்டு" என்றேன். அவள் ஒற்றைப் பையோடு போய் இறங்க முடியாது. நான் உம்ரா யாத்திரைக்குக் கொண்டுபோன பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். தூக்குகிறவர்களுக்குக் கனமாக இருக்க வேண்டுமே என்று பழைய ஜமுக்காளத்தையும் போர்வைகளையும் உள்ளே அடைத்தோம். ரீபா ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த வெயிலில் அவளைப் பார்க்கவே எனக்கு மூச்சு முட்டியது.

நானும் கூடப் போனேன். நாங்குநேரியில் வண்டியைத் திருப்பிய இடத்தில் ஹசன் அலி இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

தெருமுனையில் கார் திரும்பியதும் பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, "எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கு பிள்ள" என்று அழுதார்கள். கூட்டம் இரண்டாக விலகி வழிவிட்டது. தேவமணி தலைமாட்டில் உட்கார்ந்தபடி மகளைப் பார்த்தாள். அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல், நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நேசையா எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு ஜெபம் பண்ணினார். "தகப்பனே, அயர்லாந்து தேசத்திலிருந்து மகளை ஒரு சேதமும் இல்லாமல் தக்க நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்." சபை மொத்தமும் ஆமென் சொன்னது.

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நீர் படிந்து அண்ணாச்சியின் முகம் தெரியவில்லை. ரீபா ஸ்வெட்டர் கையால் அதைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து கண்ணாடியில் நெற்றியை வைத்து, "எப்பா, நான் நேத்தே வந்துட்டேன்பா" என்றாள்.

சுற்றி நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. தேவமணியின் கை என் கையை இறுக்கியது. முடிந்தது, எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"நேத்தே வந்துட்டேன். பேட்டையிலதான் இருந்தேன். நான் எங்கயும் போகலப்பா" என்று அவள் சத்தமாகவே சொன்னாள்.

நேசையா அவள் தோளில் கை வைத்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து, "வெளிநாட்டு நேரம் வேற, நம்ம நேரம் வேறல்லா. தூக்கமில்லாம வந்ததுல பிள்ளைக்கு நாள் குழம்பிட்டு" என்றார். பெண்கள் ஆமாம் ஆமாம் என்று சொல்லி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். அவள் மறுபடியும் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாடகர் குழு பாட்டைத் தொடங்கிவிட்டது. கடைசி வரிசையில் கட்டைக் குரல் இல்லாமல் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் அவரை எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தார்கள்.